இந்தியக் கபடியின் சிறந்த தடுப்பாளர் யார்? புள்ளிகள் சொல்வதும் சொல்லாததும்

கபடியில் பெயர் பாடிப் போகிற ரெய்டருக்கே போய்ச் சேர்கிறது. 2004இல் வந்த 'கில்லி' படத்தின் நாயகன் ரெய்டர். ஏலத்தில் விலை ஏறுவதும் பெரும்பாலும் ரெய்டர்களுக்குத்தான். புரோ கபடி லீக்கின் 9ஆம் பருவத்துக்காகத் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து எடுத்தது. அடுத்த பருவத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அணி அவருக்கே 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. அந்த லீக்கில் பர்தீப் நர்வால் 1,700க்கும் அதிகமான ரெய்டு புள்ளிகள் எடுத்திருக்கிறார். தடுப்பாளர்களில் முதலிடத்துக்குப் போட்டியிட்டவர்களோ 400, 500 புள்ளிகளை எட்டவே பல பருவங்கள் ஆடினார்கள்.

ஆனால் களத்தில் ஒரு நேரத்தில் பாடிப் போகிறவர் ஒருவர், அவரை எதிர்கொள்கிறவர்கள் ஏழு பேர். ஆட்டத்தின் பாதி நேரம் ஓர் அணி தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பாதியை வைத்து ஒரு கேள்வியை எழுப்பலாம்: கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்திய அணிக்கு ஆடிய தடுப்பாளர்களில் சிறந்தவர் யார்? கபடி பார்ப்பவர்களிடம் கேட்டால் மன்ஜீத் சில்லர், சுரேந்தர் நாடா, மோஹித் சில்லர், சுர்ஜீத் சிங், நிதேஷ் குமார் என்று பெயர்கள் வரும். தமிழ்நாட்டில் கேட்டால் தர்மராஜ் சேரலாதன் பெயர் முதலில் வரும். இந்த வாதத்தைத் தீர்க்க எந்தச் சான்றை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேறு ஆட்டத்தில் இதே வாதம்

ரக்பியில் 9ஆம் எண் சட்டை அணிகிறவர் ஸ்க்ரம்-ஹாஃப். முன்வரிசையின் பலசாலிகள் முட்டி மோதி வென்ற பந்தை எடுத்து, யாருக்கு, எப்போது, எந்தப் பக்கம் கொடுப்பது என்று முடிவெடுப்பவர் அவர். தென்னாப்பிரிக்காவில் அந்த இடத்தின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்ற வாதம் ஓயாமல் நடக்கிறது. யூஸ்ட் ஃபான் டெர் வெஸ்ட்ஹைசன் 89 டெஸ்ட் ஆட்டங்களில் 38 ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) அடித்தவர். 1995 உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். ஃபூரி டு ப்ரீ 76 டெஸ்ட்கள் ஆடினார். 2007 கோப்பையை வென்ற அணியின் மூளை என்று அவரைச் சொல்வார்கள். 2019, 2023 ஆகிய இரு கோப்பைகளையும் வென்ற அணிகளில் ஃபாஃப் டி க்ளெர்க் இருந்தார்.

ட்ரை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் யூஸ்ட்தான் முன்னால் நிற்பார். ஆனால் அந்த இடத்தின் வேலை ட்ரை அடிப்பது அல்ல, மற்றவர்களை அடிக்க வைப்பது. அந்த வேலைக்குப் புள்ளிப் பட்டியலில் தனிப் பத்தி கிடையாது. அதனால்தான் டு ப்ரீயின் ஆதரவாளர்கள் அவர் எடுத்த முடிவுகளைப் பற்றிப் பேசுகிறார்கள், எண்களைப் பற்றிப் பேசுவதில்லை. கபடியில் இதே சிக்கல் தடுப்பாளருக்கு இருக்கிறது. அதிலும் மூலையில் நிற்கும் கார்னருக்கு அது இன்னும் கடுமை.

கார்னரின் வேலை

ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் கோடு. அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. ரெய்டர் பால்க் கோட்டைத் தாண்டாமல் திரும்பினால் அவரே வெளியேற வேண்டும். எதிரில் ஆறு பேரோ அதற்கு மேலோ நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் அவருக்கு ஒரு புள்ளி. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. ஏழு பேர் வளைந்து நிற்கும் வரிசையின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் கார்னர்கள். அவர்களுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கும் இடையில் கவர்கள்.

போனஸுக்குக் கால் நீட்டும் ரெய்டரின் கணுக்காலைப் பிடிப்பது கார்னரின் முதல் வேலை. தொடையைச் சேர்த்துக் கட்டுவதும், திரும்பி ஓடுகிறவரை முதுகுப் பக்கம் வந்து அணைப்பதும் அவருடைய மற்ற ஆயுதங்கள். கவர் வேறு விதமாக வேலை செய்கிறார். ரெய்டர் நடுக்கோட்டுக்கு ஓடும் வழியில் குறுக்கே நின்று மறிக்கிறார், அல்லது உடலால் மோதிக் களத்துக்கு வெளியே தள்ளுகிறார். நல்ல அணியில் முதல் பிடியைப் பெரும்பாலும் கார்னர் தொடங்க, கவர்கள் வந்து முடிக்கிறார்கள். அந்த முதல் பிடி அரை விநாடி முந்தினால் தொடுபுள்ளி போய்விடும். பிந்தினால் ரெய்டர் தப்பிவிடுவார்.

கார்னரின் திறமையில் பெரும்பகுதி பாயாமல் இருப்பதுதான். பழவேற்காட்டுக் கழிமுகத்தில் நீரோட்டம் திரும்பும் நேரம் பார்த்து வலை கட்டிக் காத்திருப்பவருக்கு இந்தப் பொறுமை புரியும்: வலை ஒன்றும் செய்யாததுபோல் நிற்கும், ஆனால் மீன் போகும் வழியை அதுதான் தீர்மானிக்கிறது. புரோ கபடியின் விதிகள் இந்தப் பொறுமையின் விலையை இன்னும் கூட்டிவிட்டன. தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் புள்ளியில்லாமல் போனால், மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் ரெய்டர் வெளியேற வேண்டும். முதல் இரண்டு ரெய்டுகளில் அவசரப்படாத தடுப்பு, மூன்றாவதில் எதிராளியைத் தன் பிடிக்குள் வரவழைத்துவிடுகிறது. ஆனால் அந்த இரண்டு வெற்று ரெய்டுகளுக்காக எந்தத் தடுப்பாளர் பெயருக்கும் ஒரு புள்ளிகூட ஏறுவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. மூன்று பேர் சேர்ந்து ஒரு ரெய்டரை அடக்கினாலும் பிடிப்புள்ளி ஒருவர் கணக்கில்தான் எழுதப்படுகிறது. கணுக்காலைக் கவ்விக்கொண்டு தரையில் கிடப்பவர் ஒருவராகவும் புள்ளி பெறுபவர் இன்னொருவராகவும் இருப்பதுண்டு. எனவே ஒரு தடுப்பாளருக்கு 300 பிடிப்புள்ளி, இன்னொருவருக்கு 250 என்றால், முதலாமவர்தான் சிறந்தவர் என்று முடிவு கட்டிவிட முடியாது.

ஆறு ஆட்டங்கள் சொல்லும் கணக்கு

தனிநபர் புள்ளிகளை விட்டுவிட்டு அணியின் முடிவுகளைப் பார்க்கலாம் என்று தோன்றும். இந்தியாவை அதிகம் சோதித்த எதிரணி ஈரான்தான். 2014 முதல் 2023 வரை பெரிய போட்டிகளில் இரு அணிகளும் மோதிய ஆறு முக்கிய ஆட்டங்களை வரிசையாகப் பார்ப்போம். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதியில் இந்தியா 27, ஈரான் 25. 2016 அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியில் 38–29. 2018 ஜூன் மாதம் துபாய் மாஸ்டர்ஸ் இறுதியில் 44–26. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் 18–27, இந்தியாவின் தோல்வி. 2023 பூசான் ஆசியச் சாம்பியன்ஷிப் இறுதியில் 42–32. அதே ஆண்டு ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு இறுதியில் 33–29.

ஈரான் எடுத்த புள்ளிகளை மட்டும் பாருங்கள்: 25, 29, 26, 27, 32, 29. இந்தியா வென்றாலும் தோற்றாலும் ஈரானின் எண் இந்தச் சிறு இடைவெளிக்குள்ளேயே நிற்கிறது. இந்தியாவின் எண்ணோ 18க்கும் 44க்கும் இடையே அலைபாய்கிறது. 1990 முதல் ஆசிய விளையாட்டுகளில் தொடர்ந்து ஏழு தங்கம் வென்ற அணி முதல்முறையாக வீழ்ந்த ஜகார்த்தாவில்கூட, விட்டுக்கொடுத்த புள்ளி 27தான். இரண்டு மாதம் முன்பு துபாயில் ஊதித் தள்ளியபோது விட்டுக்கொடுத்ததைவிட ஒன்றே ஒன்று அதிகம்.

ஜகார்த்தா அணித்தேர்வு இன்றும் விமர்சிக்கப்படுகிறது. துபாயில் ஆடிய அணியிலிருந்து மன்ஜீத், நாடா, சுர்ஜீத் மூவரும் அதில் இடம்பெறவில்லை. அனுபவமுள்ள தடுப்பாளர்களை விட்டதால்தான் தங்கம் போனது என்பது பலருடைய தீர்ப்பு. ஆனால் மேலே உள்ள கணக்கு அதை நேரடியாக நிறுவவில்லை. இந்தியாவைக் கவிழ்த்தது 27 அல்ல, 18. காயம்பட்ட தலைவர் அஜய் தாக்கூரும் மற்ற ரெய்டர்களும் அன்று திணறினார்கள்.

அப்படியானால் தடுப்பாளர்கள் மேல் குறை இல்லையா? இங்கேதான் கபடியின் உள்கணக்கு வேலை செய்கிறது. ஒரு பிடி வெற்றி பெற்றால் ஒரு புள்ளி கிடைக்கும். கூடவே வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆட்டக்காரர் ஒருவர் உள்ளே வருவார். அவர் முன்னணி ரெய்டராக இருந்தால், அடுத்த சில நிமிடங்களில் அவர் எடுக்கும் புள்ளிகளுக்கு அந்தப் பிடிதான் வித்து. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளியும் உண்டு. தடுப்பு சொதப்பும் அணியின் ரெய்டர்கள் நேரத்தின் பெரும்பகுதியை வெளியே இருந்தே கழிக்கிறார்கள். ஆகவே 18 என்ற எண்ணில் ரெய்டின் தோல்வி எவ்வளவு, தடுப்பின் தோல்வி எவ்வளவு என்று இறுதிப் புள்ளியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு ஒவ்வொரு ரெய்டையும் வரிசையாக எழுதிய ஆட்டக் குறிப்பேடு வேண்டும். யார் எத்தனை விநாடி வெளியே இருந்தார், அவரை உள்ளே கொண்டுவந்த பிடி யாருடையது என்ற விவரம் வேண்டும்.

வேட்பாளர்கள்

இந்த எச்சரிக்கையோடு ஆட்டக்காரர்களிடம் வருவோம்.

மன்ஜீத் சில்லர் டெல்லியின் எல்லையில் உள்ள நிஜாம்பூர் கிராமத்துக்காரர். 2010 குவாங்ஜோ, 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுத் தங்கங்கள், 2016 உலகக் கோப்பை ஆகிய மூன்றையும் வென்ற அணிகளில் இருந்தவர். 2015இல் அர்ஜுனா விருது பெற்றார். புரோ கபடியில் 300 பிடிப்புள்ளியை முதலில் எட்டியவர் அவர்தான். 400ஐ நெருங்கிய நிலையில் ஓய்வு பெற்றார். பின்னர் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி அவரை முந்தினார். மன்ஜீத் ரெய்டிலும் புள்ளி சேர்த்தவர் என்பதை மறக்கக் கூடாது. எதிரணி ரெய்டரின் அடுத்த அடி எங்கே விழும் என்று தன் ரெய்டு அனுபவத்திலிருந்தே அவரால் கணிக்க முடிந்தது. 6, 7ஆம் பருவங்களில் தமிழ் தலைவாஸுக்கும் ஆடினார். 2022 பிப்ரவரியில் 8ஆம் பருவக் கோப்பையைப் பாட்னாவிடமிருந்து 37–36 என்று ஒரே புள்ளியில் தபாங் டெல்லி பறித்தபோது, 35 வயதில் அந்த அணியில் இருந்தார். அதே அணியில் தமிழ்நாட்டின் ஜீவா குமாரும் இருந்தார்.

மோஹித் சில்லரும் நிஜாம்பூர்க்காரர்தான், வலது கார்னர். ஹரியானாவின் சுரேந்தர் நாடா இடது கார்னர். இருவரும் சேர்ந்து யு மும்பாவுக்கு ஆடியபோது அந்த அணி 2015இல் இரண்டாம் பருவத்தை வென்றது. பின்னர் பெங்களூரு, ஹரியானா என்று இருவரும் ஒன்றாகவே இடம் மாறினார்கள். ஒரு கார்னர் ஜோடியைப் பிரிக்காமல் எடுக்க வேண்டும் என்று அணிகள் நினைத்தன என்றால், தடுப்பாட்டத்தின் மதிப்பு தனிஆளில் இல்லை என்பதை ஏலம் எடுப்பவர்களும் உணர்ந்திருந்தார்கள் என்றே பொருள். ஒருவர் ரெய்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும்போது மற்றவர் பின்புறமாக வருவார். ஜகார்த்தாவில் மோஹித் இருந்தார், நாடா இல்லை. அந்தப் பிரிவினால் நேர்ந்த இழப்பை எந்தப் புள்ளிப் பட்டியலும் காட்டாது.

சுர்ஜீத் சிங் கவர் நிலையில் ஆடுபவர். 2016 உலகக் கோப்பை, 2023 ஹாங்ஜோ தங்கம் இரண்டையும் வென்றவர். இரண்டு தலைமுறைகளை இணைக்கும் கண்ணி அவர். நிதேஷ் குமார் 6ஆம் பருவத்தில் உ.பி. யோத்தா அணிக்காக 100 பிடிப்புள்ளி எடுத்தார். ஒரே பருவத்தில் நூறைத் தொட்ட முதல் தடுப்பாளர் அவர். ஆனால் இந்தியச் சட்டையில் அவர் கண்ட பெரும்போட்டிகள் மன்ஜீத் கண்டவற்றைவிடக் குறைவு.

இனி சேரலாதன். தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியில் 1975 ஏப்ரலில் பிறந்தவர், வலது கார்னர். 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணித்தலைவராக நான்காம் பருவத்தை வென்றார். இறுதியில் ஜெய்ப்பூரை 37–29 என்று சாய்த்தது அவரது அணி. மூன்று மாதம் கழித்து, 41 வயதில், உலகக் கோப்பை வென்ற இந்திய அணியின் பதினான்கு பேரில் ஒருவராக இருந்தார். அதன் பிறகும் புனே, யு மும்பா என்று ஆடி, 44 வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குத் தலைமை தாங்கினார். வட இந்திய இளைஞர்களும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தார்கள். கணுக்காலைப் பிடிக்கத் தரையோடு தரையாகப் பாயும் இடத்தில் முழங்கால், தோள், விரல் மூட்டு எல்லாம் பழுதாகும். அந்த இடத்தில் நாற்பதைத் தாண்டி ஒருவர் நிலைத்தார் என்றால், உடல் வலுவைக் காட்டிலும் கண்ணின் கணிப்பே அவரைக் காத்தது என்று துணிந்து சொல்லலாம்.

2014க்கு முன்னால் என்ன நடந்தது?

சேரலாதனுக்கு எதிரான வாதம் எளிது: இந்தியாவுக்காக அவர் ஆடிய பெரும்போட்டி என்று நினைவில் நிற்பது ஒரே ஒரு உலகக் கோப்பை. மன்ஜீத்தின் பட்டியலுக்கு அது ஈடாகாது. ஆனால் இந்த எதிர்வாதம் ஒரு பெரிய ஓட்டையை மறைக்கிறது. புரோ கபடி தொடங்கிய 2014 ஜூலையில் சேரலாதனுக்கு வயது 39. ஒரு தடுப்பாளரின் உச்சம் என்று சொல்லத்தக்க 25 முதல் 35 வயது வரையிலான ஆண்டுகள் அவருக்கு அதற்கு முன்பே கழிந்துவிட்டன. அந்த ஆண்டுகளில் அவர் மாநில, தேசியப் போட்டிகளிலும் துறை அணிகளுக்கிடையிலான போட்டிகளிலும் பிடித்த பிடிகள் எத்தனை, தவறியவை எத்தனை என்று இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கக் கூடிய கணக்கு இல்லை. மன்ஜீத்துக்கு 2014இல் வயது 27. அவருடைய உச்சத்தின் பெரும்பகுதி ஒளிபரப்பில் பதிவானது.

நம் வாதங்கள் எல்லாம் 2014இல் தொடங்குகின்றன என்பதை நாம் உணர்வதே இல்லை. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார்; அர்ஜுனா விருது பெற்றார். 2025இல் வந்த 'பைசன்' திரைப்படம் அவர் வாழ்க்கையை ஒட்டியே எடுக்கப்பட்டது. ஆனால் அவர் ஆடிய ஆட்டங்களின் குறிப்பேட்டை விரித்து இன்றைய ரெய்டர் ஒருவரோடு ஒப்பிட வழியில்லை. கதை கிடைக்கிறது, கணக்கு கிடைப்பதில்லை. கிரிக்கெட்டில் நூறு ஆண்டுக்கு முந்தைய ஆட்டத்தின் விவரத்தைக்கூட எடுத்துப் பார்க்கலாம். ஸ்கோர் எழுதுபவர் நடுவருக்கு அடுத்த மரியாதையுள்ள ஆளாக அங்கே இருந்துவந்திருக்கிறார். கபடியில் முடிவு மட்டும் நிலைத்தது. ஆட்டம் காற்றோடு போனது.

இந்தப் பதிவின்மையோடு, தேசிய அணிக்குப் போகும் வழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிஜாம்பூர் போன்ற ஒரு கிராமத்திலிருந்து பல ஆட்டக்காரர்கள் தேசிய அளவுக்கு வருகிறார்கள். முன்னோடிகள், பயிற்சி, ரயில்வே, ராணுவம், காவல்துறை ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்று ஒரு சங்கிலி அங்கே உருவாகியிருக்கிறது. தேசியப் போட்டிகளில் ரயில்வேயும் சர்வீசஸும் ஓங்கி நிற்பதற்கு இந்தச் சங்கிலிதான் காரணம். தமிழ்நாட்டில் ஆடும் கூட்டம் குறைவல்ல. சங்கிலிதான் ஊருக்கு ஊர் அறுந்து கிடக்கிறது.

மணலும் மேட் விரிப்பும்

ஒரு கரையோர ஊரை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காட்டுக்கு அருகே, ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். சென்னையிலிருந்து எண்ணூர் வழியாக வடக்கே நீளும் கரையோரக் குப்பங்களின் தொடர்ச்சி அது. இத்தகைய ஊர்களில் கபடிக்குக் களம் தேட வேண்டியதில்லை. கோடு கிழித்தால் போதும். துடுப்பும் வலைக்கயிறும் பழகிய கைகளுக்குப் பிடியின் வலு இயல்பாகவே இருக்கும். மணலில் பாய்ந்து விழப் பயமும் இருக்காது.

ஆனால் மணலில் கற்றது, மேட் எனப்படும் விரிப்பில் அப்படியே உதவாது. மணலில் கால் புதையும். ரெய்டர் திரும்பும் வேகம் குறையும். தடுப்பாளருக்கு ஒரு கணம் கூடுதலாகக் கிடைக்கும். ரப்பர் மேட்டில் காலணியோடு ஆடும்போது அந்தக் கணம் மறைந்துவிடுகிறது. ரெய்டர் ஒரு காலை ஊன்றி அதே இடத்தில் சுழன்றுவிடுவார். மணலில் கச்சிதமாக விழுந்த கணுக்கால் பிடி மேட்டில் வெறுங்கையோடு முடியும். சர்வதேசப் போட்டிகளும் லீக்கும் மேட்டில்தான் நடக்கின்றன. ஆகவே கரையோர ஊர்ப் பையன் ஒருவனுக்கு வலு எவ்வளவு இருந்தாலும், தேர்வுக்குப் போகும் நாளில்தான் மேட்டை முதன்முதலாக மிதிக்கிறான் என்றால், கார்னராக அவன் தோற்பது கிட்டத்தட்ட உறுதி. ரெய்டருக்கு இந்த மாற்றம் ஓரளவு சாதகம், வேகம் கூடும். தடுப்பாளருக்கோ முழுக்கப் பாதகம். தமிழ்நாட்டுக் கார்னர் ஒருவர் உலகக் கோப்பை அணிவரை போனது எவ்வளவு அரிது என்பதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு

ஐந்து அளவுகோல்களை வைக்கலாம்: தேசிய அணியின் வெற்றிகளில் பங்கு, ஈரான், கொரியா போன்ற வலுவான அணிகளைச் சந்தித்த அனுபவம், பல வேலைகளைச் செய்யும் திறன், கூட நிற்பவர்களை உயர்த்தும் ஆற்றல், நீடித்த ஆட்டம்.

முதல் மூன்றிலும் மன்ஜீத் முன்னால் நிற்கிறார். 2010இலிருந்து 2016 வரை அவர் இருந்த இந்திய அணி அந்த மூன்று பெரும்போட்டிகளில் எதையும் இழக்கவில்லை. 2016 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் கொரியாவிடம் 32–34 என்று தோற்ற அணி, இறுதியில் இடைவேளையின்போது 13–18 என்று பின்தங்கிய அணி, கடைசியில் 38–29 என்று கோப்பையைத் தூக்கியது. அஜய் தாக்கூர் அந்த இறுதியில் 12 புள்ளிகள் எடுத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் இரண்டாம் பாதியில் ஈரானுக்குக் கிடைத்தவை பதினொன்றே புள்ளிகள் என்பதையும் பேச வேண்டும். அந்தப் பதினொன்று தடுப்பாளர்களின் வேலை.

நான்காவது அளவுகோலில் நாடா–மோஹித் இணைக்கு நிகர் யாரும் இல்லை. கார்னரை மட்டும் கணக்கில் கொண்டால், அந்த இருவரையும் பிரிக்காமல் சேர்த்தே தேர்ந்தெடுப்பது நியாயம். ஐந்தாவதில் சேரலாதனை யாரும் நெருங்க முடியாது.

ஒரே ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும் என்றால், கைவசமுள்ள சான்றுகளின்படி மன்ஜீத் சில்லர். இந்தத் தீர்ப்பைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இது பதிவானவற்றின் தீர்ப்பு. சேரலாதன் தன் முப்பதாவது வயதில் எப்படிப் பிடித்தார் என்பதை அருகில் நின்று பார்த்தவர்கள் அவர்தான் சிறந்தவர் என்று வாதிட்டால், அதை மறுக்க நம்மிடம் காகிதம் இல்லை, ஏற்கவும் இல்லை.

அந்தக் காகிதத்தை இனியாவது எழுதத் தொடங்கலாம். பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள சில மீனவ ஊர்களில் பாடு முறை வழக்கத்தில் இருக்கிறது. எந்தத் தலைக்கட்டு, எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர்ப் பஞ்சாயத்து முறைவைத்து நடத்துகிறது. அத்தனை நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்த கரையில், ஒரு கபடி ஆட்டத்தை எழுதிவைப்பது பெரிய வேலை அல்ல. ஊர்த் திருவிழாப் போட்டிகளை நடத்தும் மன்றங்கள் மேசையில் ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொரு ரெய்டிலும் முதலில் கை வைத்தவர் யார், துணை வந்தவர் யார், பிடி தவறியது எத்தனை, வெற்று ரெய்டு எத்தனை என்று நான்கு பத்திகள் போதும். தமிழ்நாடு அமெச்சூர் கபடிக் கழகம் இதற்கு ஒரே மாதிரியான படிவம் கொடுத்து, மாவட்டப் போட்டிகளில் அதைக் கட்டாயமாக்க வேண்டும். கரையோர ஒன்றியங்களில் ஓரிரு இடங்களிலாவது மேட் விரித்த பயிற்சிக்களம் வேண்டும். பிடிக்கிறவர்களின் பெயரும் கணக்கில் ஏறினால்தான் அடுத்த சேரலாதனைப் பற்றிய வாதம் 39ஆம் வயதில் தொடங்காது, 19இல் தொடங்கும்.